லோஹேகாவில் ஒரு பந்தி

லோஹேகாவ் என்றதும் விமான நிலையம்தான் பலருக்கு நினைவு வரும். மராத்தியருக்கோ அது துக்காராம் மகராஜின் தாயார் கனகாயி பிறந்த ஊர். 2017-ல் புனே மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. பிழைப்பு தேடி இந்தப் பக்கம் வரும் தமிழர்களில் நெல்லை, தூத்துக்குடிக் கிறிஸ்தவர்களும் உண்டு.

அவர்கள் "சபை" என்று சொன்னால் கட்டடத்தைச் சொல்லவில்லை, ஜனங்களைச் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. சாத்தான்குளம் பக்கத்து முதலூர் 1799-ல் தோன்றியது. மதம் மாறியதால் சொந்த ஊரில் குடியிருக்க முடியாதவர்களை டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார் அங்கே குடியேற்றினார். ஊரை விட்டு வந்தவனுக்கு இடம் கொடுக்கவே உண்டான சபை அது!

நெல்லைச் சீமையின் அசனப் பண்டிகையும் அப்படித்தான். அரிசி, ஆடு, காய்கறி என்று அவரவர் இயன்றதைக் கொடுப்பார்கள். எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று ஊர் கணக்குப் பார்த்த நாளில் இது சின்னக் காரியமல்ல. (சபைத் தேர்தல் வந்தால் அந்தப் பழைய கணக்கு தலைகாட்டுவதும் உண்டு என்பது வேறு விஷயம்.)

தென்னிந்தியத் திருச்சபை 1947-லும் வட இந்தியத் திருச்சபை 1970-லும் உருவாயின. இரண்டுக்கும் இடையே திருவிருந்து ஐக்கியம் உண்டு. ஊர் ஆயரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் இங்கே அந்நியராக நிற்க வேண்டியதில்லை. ரயில் டிக்கெட்டை மறக்காதவர்கள் இந்தக் கடிதத்தை மறந்துவிடுகிறார்கள்!

ஆனால் கடிதம் வாசல் வரைதான். ஆராதனை முடிந்ததும் கைகுலுக்கிவிட்டு பஸ் பிடிக்க ஓடினால் உறவு எப்படி வளரும்? வீட்டு ஜெபக்கூட்டத்தில்தான் வளரும். பத்துப் பேர் ஓர் அறையில் நெருக்கி உட்காரும்போது யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் பிரசவம் என்பதெல்லாம் தெரிய வரும். சசூன் ஆஸ்பத்திரியில் இரவு துணைக்கு இருக்க ஆள் வேண்டுமா? மராத்தியில் மனு எழுத வேண்டுமா? அந்தப் பத்துப் பேரில் ஒருவர் எழுந்து வருவார்.

இந்த உறவைக் கெடுப்பது பெரும்பாலும் கைமாற்றுக் கடன்தான். பணம் திரும்பாவிட்டால் கொடுத்தவரும் வருவதில்லை, வாங்கியவரும் வருவதில்லை. தனி ஆள் கடன் கொடுப்பதைவிட, பொது உதவி நிதி ஒன்று வைத்து மாதாமாதம் கணக்கைச் சபைக்குப் படித்துக் காட்டுவது மேல்.

ஷிப்ட் பார்க்கும் தனி ஆட்கள் பலருக்கு ஞாயிறு காலையில் ஓய்வில்லை. அவர்களுக்காக வாரநாள் இரவு ஒரு கூட்டம் வைக்கலாம். முடிந்ததும் சுடச்சுட சாதமும் ரசமும் போட்டால் இன்னும் நல்லது.