வயலின் நீர்க்கணக்கு

கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி நெல் விதைக்கும் கமக்காரர்களே, மழை குன்றிய ஆண்டுகளில் கதிர் வெளிவரும் வேளையில் வாய்க்கால் வற்றுவதைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். எஞ்சிய நீர் முற்றும்வரை போதுமா என்பதை ஊகத்துக்கு விடாது கணக்கிட்டே அறியலாம்.

ஆலைப் பொறியியலாளர் எதனை ஆராயினும், உட்புகுவது எவ்வளவு, வெளியேறுவது எவ்வளவு, மீதி எவ்வளவு என்றே முதலிற் கேட்பர். மன்னார் உப்பளத்தார் பாத்தியில் விடும் கடல்நீருக்கும் இக்கணக்கே. நெற்பயிரையும் இவ்வாறே நோக்கலாம். பயிரின் உலர்நிறையிற் பெரும்பங்கு மண்ணிலிருந்து வருவதன்று. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்தும் நீரிலிருந்தும் வருவதாகும். அவ்வாயுவை உட்கொள்ள இலைவாய்கள் திறக்கும்போது நீர் ஆவியாய் வெளியேறும். நீர் குறையின் இலைவாய்கள் மூடும்; வளர்ச்சி தடைப்படும். பூக்குந் தருணத்தில் இது நேரின் கதிரிற் பதர் மிகும். பின்பு பாய்ச்சும் நீர் பதரை மணியாக்காது.

பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் நெதர்லாந்து அறிஞரும் 2001இல் வெளியிட்ட 'ஒரைசா 2000' என்னும் கணினிக் கணக்கு, வெயில், வெப்பம், நீர் ஆகியவற்றைக் கொண்டு நெல்லின் வளர்ச்சியை நாள்தோறும் கணிப்பதாகும். தங்களுக்கு அத்துணை வேண்டியதில்லை; இரண்டு தகரப் பீப்பாக்களும் ஓர் அடிமட்டமும் போதும்.

அடியுள்ள பீப்பா ஒன்றையும் அடி அகற்றிய பீப்பா ஒன்றையும் வயலிற் பாதியளவு புதைத்து, அடியுள்ளதில் வயற்சேற்றை இட்டு, இரண்டிலும் நெல் நிற்கச் செய்து, வயலின் மட்டத்துக்கு நீர் விடுக. மழையும் பாய்ச்சலும் இல்லாத ஒரு நாளில், காலை முதல் மறுநாட் காலை வரை குறைந்ததை அளந்திடுக. அடியுள்ளதிற் குறைந்தது பயிரும் வெயிலும் கொண்டது. அடியற்றதில் மேலதிகமாகக் குறைந்தது ஆழ இறங்கியது. வயலில் அதனினும் மிகுதியாகக் குறைந்திருப்பின், வரம்பில் நண்டு வளையோ எலி வளையோ உண்டெனக் கொள்க.

உதாரணமாக, இவை முறையே 5, 3, 2 மில்லிமீற்றர் எனின் நாளொன்றுக்கு 10 மில்லிமீற்றர் செலவாகும். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீற்றர் நீர் ஏறத்தாழ 4,000 லீற்றர். ஆகவே செலவு 40,000 லீற்றர். வயலில் 50 மில்லிமீற்றர் நிற்பின் அது ஐந்து நாளைக்கே ஆகும். பூத்தபின் ஏறத்தாழ 30 நாளில் நெல் முற்றும். கடைசிப் பத்து நாட்கள் நீரை வடித்துவிடலாம் என்பதால், கணக்கு 20 நாட்களுக்கே. வளைகளை மிதித்து அடைப்பின் அந்நாட்களில் ஏக்கருக்கு 1,60,000 லீற்றர் மிஞ்சும். வாய்க்காலின் கடைவயற்காரருக்கு அது பெரிய உதவி.

மன்னார்த் தீவில் மிளகாய், கத்தரி செய்வோர்க்கு நிலைமை வேறு. மணல் சிறிதளவு நீரையே பிடித்துவைக்கும். ஒரேயடியாக இறைப்பது வேருக்குக் கீழே இறங்கிப் பசளையையும் கொண்டுசெல்லும். கிணற்றை மிகுதியாக இறைப்பின் உவர் ஏறும். ஆதலின் சிறிது சிறிதாக, இரண்டொரு நாளுக்கு ஒருமுறை இறைத்திடுக.