பிள்ளை வெளிநாட்டுக்குத் தொண்டூழியம் செய்யப் போகிறேன் என்றால்...

அண்மையில் ஒளியேறிய எங்கள் கலந்துரையாடலைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தாயாரை நினைவிருக்கும். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தவர். நிகழ்ச்சி முடியப்போகும் நேரத்தில்தான் கையை உயர்த்தினார்.

"என் மகள் 'ஏ' நிலைத் தேர்வு எழுதி முடிச்சிட்டாம்மா. பல்கலைக்கழகம் ஆகஸ்ட்லதான். அதுக்குள்ள கம்போடியா போயி, அநாதை இல்லத்துல பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கணுமாம். பிடிச்சிருந்தா படிப்பையே ஒரு வருஷம் தள்ளிப் போட்டுட்டு அங்கேயே இருப்பேங்கிறா. நல்ல காரியம்தான், வேணாம்னு எப்படிச் சொல்றது? ஆனா பயமா இருக்கு."

எனக்கு ஒரு நிமிடம்தான் மீதி இருந்தது. தயாரிப்பாளர் கேமராவுக்குப் பின்னால் நின்று கையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "நல்ல அமைப்பாகப் பார்த்து அனுப்புங்கள் அக்கா" என்று சொல்லி நிகழ்ச்சியை முடித்துவிட்டேன். அது ஒரு பதிலே அல்ல. வீடு திரும்பும் வழியெல்லாம் உறுத்தியது. ஏனென்றால், அந்தப் பெண் போக நினைக்கும் அதே நாட்டுக்கு, அதே வேலைக்கு நானும் ஒரு காலத்தில் போயிருக்கிறேன்.

முதலில், பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை முடித்துவிடுகிறேன். ஓராண்டு வீணாகிவிடுமா? ஆகாது. பதினெட்டு வயதில் ஓராண்டு தள்ளிப் படித்ததால் வாழ்க்கை கெட்டுப்போனவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. ஆனால் கிடைத்த இடத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தேசிய சேவைக்குச் செல்லவேண்டிய பையன்கள் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்குவதென்றால் அதற்கான அனுமதியைப் பெற்றாக வேண்டும். பயணக் காப்புறுதியும் கட்டாயம் தேவை. இவற்றையெல்லாம் எந்தப் பெற்றோரும் ஒரு வாரத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். நான் சொல்ல நினைப்பது வேறு.

பள்ளி முடித்த பிள்ளைகள் வெளிநாட்டுக்குத் தொண்டூழியம் செய்யப் போகும் வழக்கத்துக்கும் நமது வட்டாரத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1958-இல் அலெக் டிக்சன் என்ற ஆங்கிலேயர் 'வி.எஸ்.ஓ.' என்ற அமைப்பைத் தொடங்கினார். பள்ளிப்படிப்பை முடித்த 18 வயது பையன்களைத் தேர்ந்தெடுத்து, பல்கலைக்கழகம் போகுமுன் ஓராண்டு வெளிநாட்டில் வேலை செய்ய அனுப்பினார். முதல் அணியினர் போன இடங்களில் ஒன்று சரவாக். அதாவது, அன்று நாம் அனுப்பும் பக்கத்தில் இல்லை, பெற்றுக்கொள்ளும் பக்கத்தில் இருந்தோம். அந்த அமைப்பு பின்னாளில் இளம் பிள்ளைகளை அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு, தொழில் தெரிந்த ஆசிரியர்கள், தாதியர், பொறியாளர்கள் பக்கம் திரும்பியது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவின் 'பீஸ் கோர்' 1961-இல் அதிபர் கென்னடியால் தொடங்கப்பட்டது. அதன் தொண்டூழியர்கள் 1962-இல் மலாயாவுக்கு வந்தார்கள். 1983 வரை மலேசியாவில் இருந்தார்கள். கெடாவில் தோட்டப்புறத்தில் வளர்ந்த என் பெரியப்பாவுக்கு இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பித்தவர் ஒரு பீஸ் கோர் ஆசிரியர்தான். "வெள்ளைக்கார வாத்தியார் மலாய் பேசுவாரு. நம்ம ஆளுங்களைவிட நல்லாப் பேசுவாரு" என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார். அவர் இரண்டு ஆண்டுகள் இருந்தாராம். வருமுன்பே மொழிப் பயிற்சி பெற்றிருந்தார். அரசாங்கம் ஆசிரியர் வேண்டும் என்று கேட்டதால் வந்தார். பிறகு உள்ளூரில் போதிய ஆசிரியர்கள் உருவானபோது, அவரைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

கேட்டதால் வந்தார், தேவை முடிந்ததும் போனார். இதை நினைவில் வைத்துக்கொண்டு என் கதையைக் கேளுங்கள்.

2010-ஆம் ஆண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மக்கள் தொடர்புத் துறையில் பட்டயம் முடித்திருந்தேன். வயது 21. வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஒரு முகவர் மூலம் நான்கு மாதங்களுக்குச் சியெம் ரீப் நகருக்கு வெளியே இருந்த ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குப் போனேன். மாதம் 1,000 வெள்ளி கட்டினேன். தங்குமிடமும் சாப்பாடும் அதில் அடக்கம். கற்பித்த அனுபவம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. என் பின்னணியை யாரும் விசாரிக்கவில்லை. கடப்பிதழின் நகலும் பணமும் போதுமாயிருந்தது.

இல்லத்தில் ஏறத்தாழ முப்பது பிள்ளைகள். நான் போய் இறங்கிய ஒரு மணி நேரத்திற்குள், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி என் மடியில் ஏறி உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாத ஒருத்தியின் மடியில் ஒரு குழந்தை அவ்வளவு எளிதாக ஏன் ஏறவேண்டும் என்று அன்று தோன்றவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் அப்படிச் செய்வார்களா? புதியவர் வந்தால் அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நிற்பார்கள். வருகிறவர்கள் எல்லாரும் போய்விடுவார்கள் என்று பழகிப்போன பிள்ளைதான் கண்டவரையெல்லாம் கட்டிப்பிடிக்கும்.

வகுப்பை ஆங்கில எழுத்துகளிலிருந்து தொடங்கினேன். எனக்கு முன் வந்தவரும் அங்கிருந்துதான் தொடங்கியிருந்தார். அவருக்கு முன் வந்தவரும் அப்படியே. அந்தப் பாட்டைப் பிள்ளைகள் என்னைவிட நன்றாகப் பாடினார்கள்! இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிய முகம், புதிய தொடக்கம். என்னைப் போல் நான்கு மாதம் தங்கியவர்கள் அபூர்வம்.

அங்கே உள்ளூர் ஆசிரியர் ஒருவர் இருந்தார். கெமர் மொழியில் ஆசிரியரை 'லோக் க்ரூ' என்பார்கள். நம் 'குரு'தான் அந்தக் 'க்ரூ'. அவருக்குச் சம்பளம் மாதம் 60 அமெரிக்க வெள்ளி. வெளிநாட்டார் நிறைய வரும் மாதங்களில் அவருக்கு வகுப்பும் இல்லை, சம்பளமும் இல்லை. இதை அவர் கோபமில்லாமல்தான் சொன்னார், மழை வரும் போகும் என்பதுபோல. நான் இரவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் ஒரு மாதத்துக்குக் கட்டிய பணம், அன்றைய மதிப்பில், கிட்டத்தட்ட அவருடைய ஓர் ஆண்டுச் சம்பளம். அவருக்கு மொழி தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எது வரும், எது வராது என்பதும் தெரியும். ஆனால் வெளிநாட்டிலிருந்து பணம் கட்டி வந்தவள் நான் என்பதால் வகுப்பு எனக்குத்தான்.

அக்டோபரில் 'ப்சும் பென்' வந்தது. நம் மகாளய பட்சத்தைப் போல முன்னோர்களுக்குப் படைக்கும் நாள்கள் அவை. ஒரு காலையில் மோட்டார் சைக்கிளில் ஒரு பெண் வந்து, அந்தச் சிறுமியையும் அவள் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு போனார். யாரென்று கேட்டேன். "அவங்க அம்மா" என்றார் லோக் க்ரூ. அரை மணி நேரப் பயணத்தில் வீடு. மூன்று நாள் கழித்துக் கொண்டுவந்து விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இல்லத்தின் பெயர்ப்பலகையில் 'அநாதை' என்றுதானே எழுதியிருந்தது?

மறு ஆண்டு விடை கிடைத்தது. 2011-இல் கம்போடிய அரசாங்கமும் யுனிசெஃபும் ஓர் ஆய்வை வெளியிட்டன. நாட்டின் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருந்தார். 2005-க்கும் 2010-க்கும் இடையே இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியிருந்தது. கெமர் ரூஜ் ஆட்சி முடிந்தது 1979-இல். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு திடீரென்று அநாதைகள் பெருகக் காரணம் என்ன? பிள்ளைகள் அநாதையாகவில்லை, வருகையாளர்கள் பெருகினார்கள். அங்கோர் கோயிலைப் பார்க்க வந்தவர்கள் இல்லத்தையும் பார்த்து, மனமிரங்கிப் பணம் கொடுத்தார்கள். பணம் வர, காட்டுவதற்குப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். சாப்பாடு போடுவோம், படிக்க வைப்போம் என்றால் எந்த ஏழைத் தாய்தான் அனுப்பமாட்டாள்? எல்லா இல்லங்களும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் 1,000 வெள்ளி அந்தத் தாயின் கையில் போயிருந்தால், பிள்ளைகள் இரண்டும் வீட்டிலேயே இருந்திருக்கும்.

உலகமும் தாமதமாகத்தான் விழித்துக்கொண்டது. 2018-இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தனத்திற்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தபோது, இல்லங்களை நிரப்புவதற்காகப் பிள்ளைகளைக் கொண்டுபோவதையும் அதன் ஒரு வடிவமாகக் கருதியது. 2019-இல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் பொதுச்சபையும் இல்லங்களில் நடக்கும் தொண்டூழியத்தால் விளையும் தீங்கைத் தடுக்கவேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது.

புறப்பட்ட நாளன்று அந்தச் சிறுமி அழுதாள், நானும் அழுதேன். திரும்பி வருவேன் என்று சொன்னேன். போகவில்லை. ஆனால் ஊர் திரும்பியபின் வேலை நேர்காணலில் இந்தக் கதையைச் சொன்னேன். எதிரே அமர்ந்திருந்தவர்கள் தலையசைத்துக் கேட்டார்கள். வேலை கிடைத்தது. அந்த நான்கு மாதங்களில் ஆதாயம் அடைந்தவள் யார் என்று கேட்டால், கைநீட்டி என்னைத்தான் காட்டவேண்டும்.

சரி, போகவே கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். 1991-இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் அனைத்துலக அறநிறுவனம், இங்குள்ள தாதியர், மருத்துவர், ஆசிரியர் முதலியோரை அனுப்பி, அந்தந்த நாட்டில் அதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வைக்கிறது. தொண்டூழியர் ஊர் திரும்பினாலும் கற்றவர் அங்கேயே இருப்பார். வேறு வகையும் உண்டு. 1971-இல் இங்கிலாந்தில் தோன்றிய 'வூஃப்' ஏற்பாட்டில், இயற்கை விவசாயப் பண்ணையில் உழைத்தால் தங்க இடமும் உணவும் கிடைக்கும். களை பிடுங்க யார் வந்தால் என்ன, செடி அழப்போவதில்லை!

பிள்ளைகளோடு பழகும் வேலை மட்டும் வேறு. இங்கே ஒரு பாலர் பள்ளிக்குள் சுற்றுப்பயணி ஒருவர் நுழைந்து, "இரண்டு வாரம் உங்கள் பிள்ளைகளோடு விளையாடிவிட்டுப் போகிறேன்" என்றால் விடுவோமா? அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் விடமாட்டோம். கற்பிக்கத்தான் ஆசை என்றால் சிண்டாவின் துணைப்பாட வகுப்புகளைப் போன்ற இடங்களில் ஓராண்டு தொண்டூழியம் செய்து பார்க்கலாம். கற்பிப்பது எவ்வளவு கடினம் என்று முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

விசாவையும் பாருங்கள். நேப்பாளத்தை எடுத்துக்கொண்டால், சுற்றுப்பயண விசாவில் தொண்டூழியம் செய்ய அனுமதி இல்லை, அந்த விசாவில் ஓர் ஆண்டில் 150 நாள்களுக்குமேல் தங்கவும் முடியாது. "சுற்றுப்பயணி என்று சொல்லி நுழைந்துவிடுங்கள்" என்று ஒரு முகவர் சொன்னால், அந்த நாட்டின் சட்டத்தை மீறச் சொல்கிறார் என்று பொருள். அவர் வேறு எதைப் பற்றியும் உண்மை பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். வெறிநாய்க்கடி, மலேரியா பற்றியும் புறப்படுமுன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பல தடுப்பூசிகளைக் கடைசி வாரத்தில் போட்டு முடிக்க முடியாது.

நிகழ்ச்சி ஒளியேறிய மறுநாள் அந்தத் தாயாரின் எண்ணைத் தேடி வாங்கி அழைத்தேன். மகளை இல்லத்துக்கு மூன்று கேள்விகள் அனுப்பச் சொன்னேன். இந்த வகுப்பை எனக்கு முன் எடுத்தவர் யார், நான் போனபின் எடுக்கப்போவது யார்? நான் கட்டும் பணத்தில் உள்ளூர் ஆசிரியருக்கு எவ்வளவு போகிறது? இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், அவர்களை வீட்டோடு சேர்க்க என்ன செய்கிறீர்கள்?

சென்ற வாரம் தாயார் திரும்ப அழைத்தார். ஒரே நாளில் பதில் வந்ததாம். மூன்றில் எந்தக் கேள்விக்கும் அதில் பதில் இல்லை. முன்பணத்தை இந்த மாதத்துக்குள் கட்டினால் கட்டணத்தில் கழிவு உண்டு என்று மட்டும் எழுதியிருந்தார்களாம்.

"அவ மனசு ஒடிஞ்சு போவான்னு நினைச்சேன்மா. இல்ல. பணத்தைக் கட்டலை. ஆனா போகணும்கிற ஆசை மட்டும் போகலை. முதல்ல கெமர் பாஷை படிக்கணுமாம், யாரு சொல்லித் தருவாங்கன்னு தேடிக்கிட்டிருக்கா" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள், அவரிடம் சேர்த்துவிடுகிறேன்.