பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்; பிள்ளை சொன்னால் யார் கேட்பது?

2016 பெப்ரவரியில் வவுனியா உக்குளாங்குளத்தில் 13 வயது மாணவி ஒருவர் தனது வீட்டிலேயே சடலமாக மீட்கப்பட்டார். அவர் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. வடக்கில் ஹர்த்தால் நடந்தது, மாணவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2022 மே மாதம் பண்டாரகம அட்டுலுகமவில் எமது சமூகத்தைச் சேர்ந்த 9 வயதுச் சிறுமி ஒருவர் பக்கத்துக் கடைக்குப் போய்த் திரும்பவில்லை. மறுநாள் சதுப்பு நிலத்தில் உடலைத்தான் எடுத்தார்கள். அந்தச் சம்பவத்தில் கைதானவர் அதே ஊரவர், அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தவர்.

இப்படி ஒன்று நடந்ததும் எல்லா வீட்டிலும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வோம்: "தெரியாத ஆக்களோட கதைக்காத, ஆரும் டொஃபி தந்தா வாங்காத." இரண்டு வாரம் கழித்து அதையும் மறந்துவிடுவோம். இந்த அறிவுரை பிழையில்லை. ஆனால் ஒருவர் வீட்டில் வைத்து, மற்றவர் ஊர்க் கடைக்குப் போன வழியில் பறிகொடுக்கப்பட்டவர்கள். சிறுவர் துஷ்பிரயோக வழக்குகளில் பெரும்பாலும் குற்றம் செய்பவர் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர்தான். உறவினர், அயலவர், படிப்பிப்பவர், ஓட்டோக்காரர், வாப்பாவின் கூட்டாளி. அவர் முதலில் நம்பிக்கையைப் பெறுவது பிள்ளையிடம் அல்ல, பெற்றோரிடம். உதவி செய்வார், கடன் கொடுப்பார், பிள்ளையை வகுப்புக்குக் கூட்டிப் போவார். "அவரப் போல நல்ல மனிசன் இல்ல" என்று நாமே பிள்ளையின் முன்னால் சொல்லியிருப்போம். பிறகு அந்த மனிதரைப் பற்றிப் பிள்ளை எந்த வாயால் முறையிடும்?

வன்னியில் எமது குடும்பங்கள் வாழும் விதத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 2009இற்குப் பிறகு நீராவிப்பிட்டிக்கும் தண்ணீரூற்றுக்கும் நாச்சிக்குடாவுக்கும் சாளம்பைக்குளத்துக்கும் திரும்பினார்கள். ஆனால் பல குடும்பங்கள் முழுமையாகத் திரும்பவில்லை. வாப்பா புத்தளத்தில் தொழில், உம்மா முல்லைத்தீவில் காணியைப் பார்க்கிறார், பிள்ளை இரண்டு இடத்துக்கும் அலைகிறது. சில வீடுகளில் உம்மா சவூதியில் அல்லது குவைத்தில், பிள்ளைகள் உம்மம்மாவோடு. சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போவதற்கு 2013 முதல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. அந்தப் படிவம் உம்மாவைத்தான் கேள்வி கேட்டது. பிள்ளையைப் பார்ப்பதாகக் கையெழுத்திட்ட வீட்டில் யார் யார் வந்து தங்குகிறார்கள் என்று எத்தனை பேர் போய்ப் பார்த்தார்கள்? வெளிநாடு போகும் தாயைத் திட்டுவது எமக்கு இலகு. அவர் அனுப்பும் காசில் கட்டிய வீட்டில் இருந்துகொண்டே திட்டுகிறோம்.

சரி, எதைச் சொல்லிக் கொடுப்பது? "இதெல்லாம் வெள்ளைக்காரன்ட படிப்பு, எங்கட பிள்ளைகளின் வெட்கத்தைக் கெடுக்கும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சூரா அந்நூரின் 58ஆவது வசனத்தை எடுத்துப் பார்க்கட்டும். பஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களிலும் பருவமடையாத பிள்ளைகள்கூட அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்று அது கற்பிக்கிறது. பத்து வயதில் படுக்கையைப் பிரிக்கச் சொல்லும் ஹதீஸும் எமக்குத் தெரியாததல்ல. உடலுக்கு எல்லை உண்டு, அறைக்கு எல்லை உண்டு, அந்த எல்லையை மற்றவரும் மதிக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பாடம். அவ்ரத் என்ன என்று தொழுகைக்காகச் சொல்லிக் கொடுக்கும்போதே, அந்த இடத்தை வேறொருவர் தொடவோ, பார்க்கவோ, படமெடுக்கவோ, தன்னுடையதைத் தொடச் சொல்லவோ கூடாது என்ற இன்னொரு வசனத்தையும் சேர்த்துச் சொன்னால் போதும். வைத்தியர் பார்க்க வேண்டி வந்தால் உம்மா பக்கத்தில் இருப்பார் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான்கு வயதுப் பிள்ளைக்கு உடல் உறுப்புகளின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறோம். பிள்ளை ஆசிரியையிடம் போய் அந்தப் பெயரில் ஒன்றைச் சொன்னால் அவருக்கு விளங்காது, பொலிஸுக்கும் விளங்காது. அடுத்தது, முத்தம். "மாமாக்கு ஒரு முத்தம் குடு மகள்" என்று விரும்பாத பிள்ளையைத் தள்ளிவிடுவதை நிறுத்துங்கள். பெரியவர் கேட்டால் உடலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்த நேரத்தில் நாமே பழக்குகிறோம். ஸலாம் சொன்னால் மரியாதை நிறைவேறிவிடும். மூன்றாவது, இரகசியம். பெருநாளுக்கு வாங்கிய உடுப்பை ஒளித்து வைப்பது வேறு. "உம்மாக்குச் சொல்லாத" என்று ஒரு பெரியவர் சொல்வது வேறு. இரண்டாவது வகை இரகசியம் எதுவானாலும் அன்றைக்கே வீட்டில் சொல்ல வேண்டும் என்பதை விளையாட்டாகவே சொல்லிக் கொடுக்கலாம்.

பெரிய பிள்ளைகளின் விடயம் கையடக்கத் தொலைபேசியில் இருக்கிறது. கொரோனா காலத்தில் படிப்புக்கென்று கொடுத்த போனைப் பிறகு யாரும் திருப்பி வாங்கவில்லை. 2022இல் முல்லைத்தீவில் மாணவிகளின் அந்தரங்கப் படங்கள் தொடர்பில் ஆசிரியர் ஒருவரும் மாணவர்கள் சிலரும் கைதான செய்தியை வன்னியில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதலில் ஒரு படம். பிறகு அதை வைத்து இன்னொன்று, பிறகு காசு, பிறகு "சந்திக்க வா". பிள்ளை இதிலிருந்து வெளியே வராததற்குக் காரணம் மிரட்டுபவரின் பயம் மட்டுமல்ல, போன் பறிபோகும், படிப்பு நிற்கும், உடனே மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்ற வீட்டுப் பயம். மிரட்டுபவருக்கு அது நன்றாகத் தெரியும். ஆகவே பதினைந்து வயது மகளுக்கும் மகனுக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு: "பிழை உன்ட பக்கத்தில இருந்தாலும் என்னட்ட வந்து சொல்லு, நான் அடிக்க மாட்டன்." சொல்லிவிட்டு அதைக் காப்பாற்றவும் வேண்டும். காசு கொடுக்கக் கூடாது, செய்திகளை அழிக்கக் கூடாது, அவைதான் சாட்சி.

மகன் என்று எழுதியது தற்செயலாக அல்ல. ஆண் பிள்ளைக்கு ஒன்றும் நடக்காது என்ற எண்ணம் எம்மிடம் ஆழமாக இருக்கிறது. விடுதியில் தங்கி ஓதும், வேலைக்குப் போகும், இரவு கிரிக்கெட் முடிந்து வரும் பையனை யாரும் விசாரிப்பதில்லை. 1995இல் தண்டனைச் சட்டக் கோவைக்குச் சேர்க்கப்பட்ட பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றம் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. குர்ஆன் மத்ரசாவில் தனியாக ஒரு பிள்ளையை நிறுத்தி ஓதிக் கொடுக்க வேண்டுமென்றால் கதவு திறந்திருக்கட்டும். இது மௌலவிமார் மீதான சந்தேகமல்ல; நல்ல உஸ்தாதுக்கும் அதுதான் பாதுகாப்பு.

இவ்வளவும் சொல்லிக் கொடுத்த பிறகு ஒருநாள் பிள்ளை வந்து சொல்கிறது. அப்போது எமது வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "நீ ஏன் அங்க போன?" என்பதாக இருந்தால், இரண்டாவது முறை அது சொல்லாது. சூரா யூசுபில் சிறுவர் யூசுப் தன் கனவை வாப்பாவிடம் சொல்கிறார். யஃகூப் நபி சிரிக்கவுமில்லை, அதட்டவுமில்லை. கேட்டார், ஆபத்து சொந்தச் சகோதரர்களிடமிருந்தே வரலாம் என்று எச்சரித்தார். எத்தனை தடவை அந்த சூராவை ஓதியிருப்போம்!

பிறகு வருவதுதான் எமது ஊர்களின் பெரிய சிக்கல். விடயம் பள்ளிவாசல் நிர்வாகத்துக்குப் போகும். இரு குடும்பத்தையும் கூப்பிட்டு, "மானத்தை மறைப்போம்" என்று பேசி, ஒரு தொகையோடு அல்லது ஆளை ஊர் மாற்றி முடித்து வைப்பார்கள். சில இடங்களில் அவனுக்கே நிக்காஹ். ஒருவரின் குறையை மறைப்பது நன்மை என்பது உண்மை; பிள்ளைக்கு இழைத்த அநியாயம் குறையல்ல, குற்றம். மறைத்தால் அடுத்த ஊரில் அடுத்த பிள்ளை. சட்டத்தின்படியும் வன்புணர்வு இருதரப்பும் சமரசம் செய்து முடிக்கக்கூடிய குற்றமல்ல. 16 வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளை சம்மதித்தாள் என்ற வாதமும் எடுபடாது. ஆனால் 1995 திருத்தம் ஒரு விதிவிலக்கை வைத்தது: 12 வயதுக்கு மேற்பட்ட, சட்டப்படி பிரிந்து வாழாத மனைவி என்றால் அது பொருந்தாது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயது எதையும் வைக்காததால் அந்த ஓட்டை எமது பிள்ளைகளுக்கே திறந்தது. 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நிற்பவரானாலும், குற்றவாளியை மருமகனாக்குவதை யாரும் மார்க்கம் என்று சொல்ல முடியாது.

நிர்வாகம் செய்யக்கூடிய நல்ல காரியம், வாகனம் பிடித்துக் கொடுத்து உம்மாவோடும் பிள்ளையோடும் வைத்தியசாலைக்குப் போவது. குளிப்பாட்டாமல், உடுப்பைக் கழுவாமல் கடதாசிப் பையில் சுற்றிக்கொண்டு வவுனியா, கிளிநொச்சி அல்லது மாஞ்சோலை வைத்தியசாலைக்கு நேரே போகலாம். சட்ட வைத்திய அதிகாரிக்கும் பொலிஸுக்கும் அங்கிருந்தே அறிவிப்பார்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பிரதேச செயலகத்தில் நன்னடத்தை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். பொலிஸில் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுங்கள். விளங்காத மொழியில் எழுதிய தாளில் வாசித்துச் சொல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள். நடந்ததை வீட்டில் ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பக் கேட்பதும் வேண்டாம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றம் ஏற்க 1999இன் 32ஆம் இலக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். அதற்குள் "கதை அடங்கட்டும்" என்று பிள்ளையைப் புத்தளத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது எமது பழக்கம். பாடசாலை நிற்கிறது, தவணைக்கு வர முடியாமல் வழக்கு வலுவிழக்கிறது, செய்தவர் ஊரிலேயே கடை திறக்கிறார். ஊரை விட்டுப் போக வேண்டியவர் யார் என்பதை அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.