231 இட்லி எப்போ ஸார் சாப்பிட்டேன்?

எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனில் ஒரு எடை மெஷின் நின்றிருந்தது. கலர் பல்புகள் மினுக் மினுக்கென்று எரியும். காசைப் போட்டால் 'டொக்'கென்று அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். எடை ஏறினாலும் இறங்கினாலும் ஜோசியம் மட்டும் எப்போதும் நமக்கு சாதகமாகவே இருக்கும். அப்பா எடையைப் பார்க்கவே மாட்டார். நேராக அட்டையைத் திருப்பி ஜோசியத்தைப் படிப்பார், சிரிப்பார், சட்டைப் பையில் போட்டுக் கொள்வார்.

54 வயதில் மாரடைப்பில் போய்விட்டார் அப்பா.

இப்போது என் வீட்டு பாத்ரூம் வாசலில் ஒரு எலெக்ட்ரானிக் மெஷின் படுத்திருக்கிறது. நம்பர் மட்டும்தான் சொல்லும். அதையும் புள்ளி வைத்துச் சொல்லும். ஜோசியம் கிடையாது. அதை நாமே எழுதிக் கொள்கிறோம். வினையே அங்கேதான் ஆரம்பம்!

நான் பி.காம். சில வருஷம் ஒரு கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் செக்ஷனில் குப்பை கொட்டிவிட்டு, இப்போது பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். இரண்டு வேலைக்கும் தேவையான ஒரே தகுதி, மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது. அப்படி உட்கார்ந்தே 84 கிலோ ஆனேன். 34 வயதில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் ஹெச்பிஏ1சி 6.1.

"சர்க்கரை இன்னும் வீட்டுக்குள்ளே வரலை தம்பி. வாசல்ல நின்னு காலிங் பெல்லைத் தேடிக்கிட்டிருக்கு" என்றார் டாக்டரம்மா.

அப்பாவின் சட்டைப் பை ஞாபகம் வந்தது. அன்றைக்கே ஆரம்பித்தேன். தினம் 1,500 கலோரி. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோறும் தட்டு நிறையக் காயும், ராத்திரி இரண்டு சப்பாத்தி. ஏழு மாசத்தில் 12 கிலோ காணாமல் போனது. பெல்ட்டில் நானே ஆணியால் புது ஓட்டை போட்டேன். தெருவில் பார்த்தவர்கள் "உடம்பு கிடம்பு சரியில்லையா ஸார்?" என்று விசாரித்தார்கள். அம்மா மட்டும், "கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சேடா" என்று சுற்றிப் போட்டாள்.

72 கிலோ. லட்சியம் நிறைவேறிற்று. சரி, அடுத்து?

அங்கேதான் ஸார் மாட்டிக்கொண்டேன். டயட்டை எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லித்தர ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். எப்படி முடிப்பது என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. இனிமேல் குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம். அப்படியானால் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டித்தானே ஆகவேண்டும்? காலையில் இன்னும் இரண்டு இட்லி, மத்தியானம் இன்னொரு கரண்டி சோறு, மேலே கொஞ்சம் குழம்பு. தினம் 300 கலோரி அதிகம், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் காலை மெஷினில் ஏறினேன். 73.8!

இறங்கினேன். மெஷினை வேறு டைல்ஸ் மேல் நகர்த்தி வைத்து மறுபடி ஏறினேன். 73.8. கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு ஏறினேன். 73.8. நாலே நாளில் 1 கிலோ 800 கிராம்! உடனே ஜோசியம் எழுதி முடித்தேன்: 'உனக்கு ரெண்டு இட்லிகூட அதிகம் சாப்பிடக் கொடுப்பினை இல்லை. உன் உடம்பு ராசி அப்படி. உங்க அப்பா வழிதான் உனக்கும்.'

பயத்தில் மறுபடி பட்டினி. மூன்று நாளில் 72.4. அப்பாடா என்று சாப்பிட்டால் 73.6. மறுபடி பட்டினி. இந்தப் பரமபதம் பத்து நாள் நடந்தது. பதினோராம் நாள் நண்பன் வீட்டுக் கல்யாணம். இலையில் உட்கார்ந்தபோது மனசு சொன்னது: 'எப்படியும் ஏறத்தான் போகுது. பாயசத்தோடயாவது ஏறட்டுமே!'

எட்டு மாசம் கழித்து மெஷின் 86 என்றது. அசல் 84, வட்டி 2.

மறுபடி டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"பி.காம். தானே தம்பி? செல்போன்ல கால்குலேட்டர் இருக்கா? எடுங்க. ஒரு கிலோ கொழுப்பு உடம்புல ஏறணும்னா, தேவைக்கு மேல சுமார் 7,700 கலோரி சாப்பிடணும். உங்களுக்கு ஏறினது 1.8. பெருக்குங்க."

"13,860 மேடம்."

"ஒரு இட்லிக்கு 60 கலோரின்னு வெச்சுக்குவோம். வகுங்க."

"231."

"நாலு நாள்ல, வழக்கமான சாப்பாட்டுக்கு மேல, 231 இட்லி சாப்பிட்டீங்களா?"

என் வாழ்நாளில் இவ்வளவு அவமானத்தோடும் நிம்மதியோடும் ஒரு கணக்கு போட்டதில்லை.

"அப்போ அந்த 1.8 கிலோ என்னதான் மேடம்?" என்றேன். அவர் சொன்னதை நம்ம அக்கவுன்ட்ஸ் பாஷையில் எழுதுகிறேன்.

உடம்புக்கு இரண்டு பேங்க் கணக்கு. கொழுப்பு என்பது ஃபிக்ஸட் டெபாசிட். போடவும் நாளாகும், எடுக்கவும் நாளாகும். இன்னொன்று கரன்ட் அக்கவுன்ட். அதன் பெயர் கிளைகோஜன். சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் சர்க்கரையாக மாறி, அன்றாடச் செலவுக்காக ஈரலில் சுமார் 100 கிராமும், தசைகளில் சுமார் 400 கிராமும் இருப்பு வைக்கப்படுகிறது. இந்த கிளைகோஜன் தனியாக வராது. ஒவ்வொரு கிராமும் குறைந்தது மூன்று கிராம் தண்ணீரைக் கூட அழைத்துக்கொண்டுதான் வரும், தலைதீபாவளி மாப்பிள்ளை மாதிரி.

டயட்டில் இருக்கும்போது இந்தக் கணக்கில் இருப்பு குறைந்துவிடும். மறுபடி சோறு கூடினால் முதலில் இதுதான் நிரம்பும். 250 கிராம் கிளைகோஜன் நிரம்பினால், கூட வரும் தண்ணீரோடு சேர்த்து ஒரு கிலோ! இதில் கொழுப்பு ஒரு சொட்டுகூட இல்லை.

"டயட் ஆரம்பிச்ச முதல் வாரம் ரெண்டு கிலோ குறைஞ்சுதுன்னு சாக்லேட் குடுத்தீங்களே தம்பி, அதுல பெரும்பகுதி இதே தண்ணிதான். அன்னிக்கு லாபம்னு கொண்டாடினதை இன்னிக்கு நஷ்டம்னு அழறீங்க. ரெண்டும் ஒரே என்ட்ரி!"

அடுத்தது உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் ஸலைன் பாட்டிலில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் ரத்தத்தின் உப்புக் கணக்கும் அதற்குப் பக்கத்தில்தான். கூடுதலாக உப்பு உள்ளே போனால், சிறுநீரகம் அதை வெளியே தள்ளும் வரை, அதற்கு ஈடான தண்ணீரை உடம்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. சாம்பார், ஊறுகாய், அப்பளம் என்று நாலு கிராம் உப்பு கூடுதலாகத் தங்கினால் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர். மெஷினில் அரை கிலோ.

மூன்றாவது, வயிற்றில் இருக்கும் சாப்பாட்டின் சொந்த எடை. சாப்பிட்டது வெளியே போக ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகலாம். நிறையச் சாப்பிடும் நாட்களில் உள்ளே எப்போதும் கொஞ்சம் சரக்கு அதிகமாக 'டிரான்ஸிட்'டில் இருக்கும். புதுசாக ஜிம்முக்குப் போய் உடம்பு வலியோடு வந்தால், வலிக்கிற தசையும் சில நாள் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

பி.காம். படித்த புண்ணியவான்களுக்கு பேங்க் ரெகன்ஸிலியேஷன் ஸ்டேட்மென்ட் ஞாபகம் இருக்கும். நம் கேஷ் புக்கில் ஒரு பாக்கி, பேங்க் பாஸ் புக்கில் வேறு பாக்கி. பணம் திருடு போய்விட்டதா? இல்லை. போட்ட செக் இன்னும் பாஸாகவில்லை, அவ்வளவுதான். பரீட்சையில் இதற்கு நூற்றுக்கு எண்பது வாங்கிய நான், பாத்ரூம் வாசலில் பெயிலாகியிருக்கிறேன்!

அதற்காக 'எல்லாம் தண்ணிதான்' என்று சொல்லிக்கொண்டு இன்னொரு பொங்கல் வாங்கிவிடாதீர்கள். நிஜமாகவே கொழுப்பு ஏறும் வழியும் இருக்கிறது. 84 கிலோ ஆசாமிக்குப் போட்ட தீனி 72 கிலோ ஆசாமிக்குத் தேவையில்லை. சின்ன வண்டிக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். போதாக்குறைக்கு, இளைத்த உடம்பு சிக்கனமும் பிடிக்கிறது. எடை குறைந்தவர்களின் உடம்பு, அந்த எடைக்கு எதிர்பார்க்கிற அளவைவிடக் குறைவாகவே கலோரி செலவழிக்கிறது என்று நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ரூடால்ஃப் லைபெல் குழுவினர் அளந்து பார்த்து 1995-ல் வெளியிட்டார்கள்.

அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸல் கீஸ் என்பவர் ஒரு பரிசோதனை செய்தார். போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 1945-ல் அவர்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி. தினம் சுமார் 1,570 கலோரி. கிட்டத்தட்ட கால்வாசி எடை போய்விட்டது. ஆனால் கணுக்காலெல்லாம் தண்ணீர் கோத்து வீங்கியதால், உள்ளே எவ்வளவு சதை கரைந்தது என்று தராசு முழுசாகச் சொல்லவில்லை. மறுபடி தாராளமாகச் சாப்பாடு போட்டபோது எவ்வளவு சாப்பிட்டும் பசி அடங்கவில்லை. உடம்பில் கொழுப்பு பழைய அளவையும் தாண்டிப் போனது. பட்டினிக்குப் பின்னால் வரும் பசி லேசுப்பட்டதல்ல. பத்து நாள் பட்டினிக்குப் பிறகு நான் பாயசத்தில் விழுந்ததற்கு என் புத்தி மட்டும் காரணமில்லை.

அப்படியானால் ஏறுவது தண்ணீரா, கொழுப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டாக்டரம்மா ஒரே வரியில் சொன்னார்:

"தண்ணி ஏறினா ஒரு படி. கொழுப்பு ஏறினா படிக்கட்டு."

தண்ணீர் சட்டென்று ஒரு படி ஏறும், அப்புறம் அங்கேயே நிற்கும். கொழுப்பு சத்தமில்லாமல் வாரா வாரம் ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது முறை மறுபடி 72-க்கு வந்ததும் (அது இன்னொரு பத்து மாசக் கதை) நான் செய்தது இதுதான்:

• ஒரேயடியாக 300 கூட்டாமல், வாரத்துக்கு 100 கலோரியாகக் கூட்டினேன்.

• காலையில் பாத்ரூம் போய்விட்டு, காபிக்கு முன்னால், அதே லுங்கியில் எடை. தினமும் எழுதுவேன். ஆனால் தினமும் தீர்ப்பு கிடையாது.

• ஞாயிறன்று ஏழு நாள் எடையையும் கூட்டி ஏழால் வகுப்பேன். அந்தச் சராசரிதான் நம்பர். மற்றதெல்லாம் வதந்தி.

• முதல் மூன்று வாரம் என்ன ஏறினாலும் சாப்பாட்டில் கை வைப்பதில்லை. அதற்குப் பிறகும் சராசரி தொடர்ந்து மூன்று, நாலு வாரம் ஏறினால்தான் 100 கலோரி வெட்டு.

• தினம் முக்கால் மணி நேரம் நடை.

வாரச் சராசரி 72.1-லிருந்து 73.0 ஆனது. அடுத்த வாரம் 73.5. பழைய நானாக இருந்தால் பட்டினி. பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டேன். (சாப்பிடுவதற்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது முதல் முறையாக அப்போதுதான்!) மூன்றாம் வாரம் 73.4. நாலாம் வாரம் 73.6. ஒரு படி ஏறிவிட்டு உட்கார்ந்துவிட்டது. பொங்கலுக்கு மறுநாள் 75.1 காட்டியது. நாலு நாள் வழக்கம்போலச் சாப்பிட்டேன். 73.7.

'அப்போ மெஷினையே பார்க்க வேண்டாமா?' என்று கேட்காதீர்கள். எடையைக் குறைத்துத் தக்கவைத்தவர்களைப் பின்தொடர, அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இருவர் 1994-ல் ஒரு பதிவேட்டை ஆரம்பித்தார்கள். அதில் நாலில் மூன்று பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறவர்கள். பார்க்கிறவர்கள்தான் தப்பிக்கிறார்கள். பார்த்துவிட்டுப் பதறக்கூடாது, அவ்வளவுதான்.

ஒரு விஷயம் சீரியஸாக. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கால் வீக்கம், மூச்சு வாங்குதல் இவற்றோடு எடை மளமளவென்று ஏறினால் அது இட்லி சமாசாரம் இல்லை. இதயமோ சிறுநீரகமோ கூப்பிடுவதாக இருக்கலாம். இந்தக் கட்டுரையைக் கீழே வைத்துவிட்டு உடனே கிளம்புங்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சராசரி 73-க்கும் 74-க்கும் நடுவில். ஹெச்பிஏ1சி 5.5. காலிங் பெல்லைத் தேடியவர் வேறு தெருவுக்குப் போயிருக்கிறார், இப்போதைக்கு.

அப்பா நம்பரைப் பார்க்காமல் ஜோசியத்தை மட்டும் படித்தார். நான் நம்பரைப் பார்த்துப் பார்த்து ஜோசியம் எழுதினேன். இரண்டு பேருமே அட்டையைத் தப்பாகத்தான் படித்திருக்கிறோம்.

நேற்றுக் காலை மெஷினிலிருந்து இறங்கி, "74.6. எல்லாம் உங்கம்மா அனுப்பின ஆவக்காய்!" என்றேன் மனைவியிடம்.

"ஞாயித்துக்கிழமை சராசரி போட்டுட்டு சொல்லுங்க. இப்போ தட்டை நீட்டுங்க" என்றாள்.

நாலு இட்லி. பாக்கி 227.