கூடத்துக்கு வந்த கணிப்பொறி

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், பட்டுப்புழு வளர்த்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். மல்பெரித் தழை கட்டுக்கட்டாகத் திண்ணையோரம் கிடந்தது. வீட்டுத் தலைவர் என்னை அமர வைத்துவிட்டுத் தம் மனக்குறையைக் கொட்டத் தொடங்கினார்.

"சாமி, நீங்கதான் எம் பையனுக்குப் புத்தி சொல்லோணுமுங்க. காலேஜ் விட்டு வந்தா ரூமுக்குள்ள பூந்து கதவச் சாத்திக்கறான். ராத்திரி ஒரு மணி வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டர்ல சினிமா. மூணு பாடம் அரியர் வெச்சிருக்கறான். நானும் அவனும் பேசி மூணு மாசமாச்சுங்க. அந்தப் பெட்டிய வித்துப்போடலாம்னு இருக்கறேன்."

உள்ளே சென்று பார்த்தேன். மணமாகிப் போன மூத்த மகளின் படிப்புக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணிப்பொறியின் முன்னே, காதை அடைத்துக்கொண்டு பையன் அமர்ந்திருந்தான். கூடத்துச் சுவரில் அகன்ற தொலைக்காட்சிப் பெட்டி. அதன் எதிரே எண்பது வயதைக் கடந்த அப்பத்தா தனியே. தந்தைக்கோ வாசற்கட்டிலில் கைப்பேசியே துணை. புழுக்களுக்குத் தழை போட்டுவிட்டு வரும் தாய்க்கு, யாரிடம் அமர்ந்து பேசுவதென்று தெரியவில்லை. ஒரே கூரையின்கீழ் மூன்று திரைகள். பேச்சில்லாத நான்கு உள்ளங்கள்.

"பெட்டியை விற்க வேண்டாம். அதை அறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்து தொலைக்காட்சியோடு இணைத்துவிடுங்கள். ஞாயிறு இரவு எல்லாரும் சேர்ந்து ஒரு படம் பாருங்கள். விற்பதைப் பற்றிப் பிறகு பேசுவோம்" என்றேன்.

"சினிமாப் பாத்துக் கெட்டுப்போறவனுக்குப் பெரிய திரை வேறயாங்க சாமி?" என்று கேட்டார் அவர். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறுமுன், இணைப்பைப் பற்றிச் சிறிது விளக்குவது வாசகர்களுக்குப் பயன்படும்.

பழைய உறவே!

கணிப்பொறியும் தொலைக்காட்சியும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. இல்லங்களுக்கென உருவான தொடக்ககாலக் கணிப்பொறிகள் பலவற்றுக்குத் தனித்திரையே கிடையாது. 1982-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம் என்னும் சிறு கணிப்பொறியை, வீட்டுத் தொலைக்காட்சியில் ஆன்டெனாக் கம்பி செருகும் துளையிலேயே இணைத்தார்கள். பின்னர்தான் கணிப்பொறி தனக்கெனத் திரை தேடிக்கொண்டு தனியறைக்குக் குடிபோயிற்று. ஆகவே அதைக் கூடத்துக்கு அழைப்பது, பிரிந்து சென்ற உறவினரைத் திரும்ப அழைப்பது போன்றதே.

இணைக்கும் முறை

முதலில் இரண்டு பெட்டிகளின் பின்புறத்தையும், பக்கவாட்டையும் உற்றுநோக்க வேண்டும். அங்குள்ள துளைகளே எந்தக் கேபிள் வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

இன்றைய தொலைக்காட்சிகளில் 'எச்.டி.எம்.ஐ.' என்று பொறித்த தட்டையான துளை இருக்கும். இம்முறை 2002-ஆம் ஆண்டின் இறுதியில் வகுக்கப்பட்டது. காட்சியையும் ஒலியையும் ஒரே கேபிள் சுமந்து செல்வது இதன் சிறப்பு. இரண்டு பெட்டிகளிலும் இத்துளை இருக்குமாயின் வேலை மிக எளிது.

பழைய கணிப்பொறிகளில் பெரும்பாலும் நீல நிறத்தில், மூன்று வரிசையாகப் பதினைந்து சிறு துளைகள் கொண்ட 'வி.ஜி.ஏ.' இணைப்பு இருக்கும். இது 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்தது. இது காட்சியை மட்டுமே கடத்தும், ஒலியைக் கடத்தாது. ஒலிக்கெனத் தனிக்கேபிள் வேண்டும்.

பெருத்த கண்ணாடிக் குழாய் வைத்த பழைய தொலைக்காட்சிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத் துளைகள் காணப்படும். மஞ்சள் காட்சிக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. கணிப்பொறியை இவற்றோடு இணைக்க, இடையில் மாற்றித் தரும் சிறு கருவி ஒன்று தேவை. அவ்வாறு இணைத்தாலும் எழுத்துகள் தெளிவாகத் தெரியா. மிக மெல்லிய புதிய மடிக்கணினிகளில் 'யு.எஸ்.பி. சி' துளை மட்டுமே இருக்கலாம். அதற்கும் உரிய இணைப்பி உண்டு. ஆனால் அவ்வகைத் துளைகள் எல்லாமே காட்சியை வெளியே அனுப்புவன அல்ல. வாங்குமுன் கேட்டறிதல் நலம்.

இரண்டு பெட்டிகளையும் அணைத்துவிட்டுக் கேபிளைச் செருகுங்கள். தொலைக்காட்சி ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்ற பொத்தானை அழுத்தி, கேபிள் செருகிய துளையின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். 'சிக்னல் இல்லை' என்று வந்தால் அஞ்ச வேண்டாம். விண்டோஸ் கணிப்பொறியில், விண்டோஸ் பொத்தானை அழுத்தியவாறே 'பி' எழுத்தை அழுத்தினால், எந்தத் திரையில் படம் தெரிய வேண்டும் என்ற பட்டியல் வரும். இரு திரைகளிலும் ஒரே காட்சி தெரியும்படி அமைத்துக்கொள்ளலாம்.

முதல் இரவு: ஊமைப் படம்

நம் குடும்பத்துக்குத் திரும்புவோம். அந்த ஞாயிறு மாலை, பையன் தயக்கத்துடன் கணிப்பொறியைக் கூடத்துக்குச் சுமந்து வந்தான். அவனுடைய பெட்டியில் இருந்தது வி.ஜி.ஏ. துளை. திரையோடு வந்த கேபிளையே கழற்றித் தொலைக்காட்சியில் செருகினான்.

என்ன படம் என்ற கேள்வி எழுந்தபோது அப்பத்தா முந்திக்கொண்டார். சிறுமியாக இருந்தபோது டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து அமர்ந்து பார்த்த 'ஔவையார்' வேண்டுமாம்! 1953-இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட அப்படத்தில் ஔவையாக நடித்த கே. பி. சுந்தராம்பாள், நம் ஈரோட்டுச் சீமையின் கொடுமுடியில் பிறந்தவர். அவர் குரலைக் கேட்க வேண்டும் என்பதே அப்பத்தாவின் ஆசை. அலமாரியில் என்றோ வாங்கி வைத்த அப்படத்தின் தகடு கிடைத்தது.

படம் தெரிந்தது, ஆனால் ஒலி வரவில்லை. சுந்தராம்பாள் வாய் அசைக்கிறார், பாட்டைக் காணோம். பையனுக்கு வியர்த்துவிட்டது. தந்தையின் முகத்தில், 'நான் சொன்னேன் அல்லவா?' என்ற பாவனை. அப்பத்தாவோ சிரித்துவிட்டு, "எங்கய்யன் ஊமைப் படம் பாத்த கதை சொல்லுவாரு. அதாட்டவே இருக்குது கண்ணு. உடு, பாக்கலாம்" என்றார். அன்று அரை மணி நேரம் ஊமைப் படமாகவே ஓடியது. திரையில் நடப்பதை எல்லாம் அப்பத்தாவே கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பேரன் அவர் அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

நம் கொங்கு நாட்டுக்குத் திரைப்படம் வந்த வரலாறும் இப்படிப்பட்டதே. கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய காலத்தில், 1905-ஆம் ஆண்டு, ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையைத் துறந்து, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அவர் காட்டியவற்றுள் இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கையும் ஒன்று. 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். அப்பெயர் இன்றும் அங்கே ஒரு சாலைக்கு வழங்குகிறது. அந்நாளில் படம் பேசாது. பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். திரைப்படம் பிறந்தது தனியறையில் அல்ல. கூட்டத்தின் நடுவே என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் ஞாயிறு

அந்த வாரம் தந்தை கூடு விற்பதற்காகக் கோபிப் பட்டுக்கூடு அங்காடிக்குச் சென்றார். திரும்பி வரும்போது கடைவீதியில் ஒரு மின்பொருள் கடைக்குள் நுழைந்து, 'படம் தெரியுது, சத்தம் வரல' என்று விளக்கி, இருமுனையும் ஒன்றுபோல் இருக்கும் ஒலிக்கேபிள் ஒன்றை வாங்கினார். கணிப்பொறியின் பச்சைத் துளையில் ஒரு முனை. தொலைக்காட்சியின் ஒலி உள்வாங்கும் துளையில் மறுமுனை. அவ்வளவுதான்!

வீட்டுக்கு வந்து அதை மகன் முன்னே வைத்து, "இதுதானான்னு பாரு" என்றார். மூன்று மாதத்துக்குப் பின் அவர் மகனிடம் பேசிய முதற்சொற்கள் அவை. "இதேதானுங்கப்பா" என்றான் மகன். அன்று இரவு சுந்தராம்பாளின் குரல் அவ்வீட்டில் முழங்கியபோது, அப்பத்தா கண்களைத் துடைத்துக்கொண்டாராம். தாயார் இதை என்னிடம் கூறும்போது அவர் கண்களும் கலங்கின.

சில குறிப்புகள்

எச்.டி.எம்.ஐ. வழியே இணைத்தும் ஒலி வரவில்லையெனில், கணிப்பொறியின் ஒலி அமைப்பில் தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காட்சியின் ஓரங்கள் வெட்டுப்பட்டால், பழுது என்று எண்ண வேண்டாம். பழைய தொலைக்காட்சிகள் ஓரங்களை மறைத்துக் காட்டிய வழக்கத்தின் எச்சம் அது. தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பில் மாற்றிவிடலாம். எழுத்து மங்கலாக இருந்தால் கணிப்பொறியின் காட்சியளவைத் தொலைக்காட்சிக்கு ஏற்ற அளவுக்கு, பெரும்பாலும் 1920 x 1080 என, அமைத்துக்கொள்க. பெட்டியைத் தொடும்போது கை 'சுர்'ரென்றால் வீட்டின் எர்த் இணைப்பில் குறை இருக்கலாம். உடனே மின்பணியாளரைக் கொண்டு சரிசெய்க. சிறுவர்களைத் திரைக்கு மிக அருகே அமரவிடாதீர்கள்.

எதைப் பார்ப்பது?

கேபிள் நல்லதையும் கடத்தும், நஞ்சையும் கடத்தும். அது தேர்ந்தெடுப்பதில்லை, தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் நாம். சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட ஆணை, இக்கடமையைப் பெற்றோர்க்குச் சிறப்பாக நினைவூட்டுகிறது. தணிக்கைச் சான்றைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பெற்றோர் வழிகாட்டுதலுடன் பார்க்க வேண்டிய 'யு.ஏ.' வகை, 2023-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணிப்பொறி இருக்கும் இல்லங்களில் திருட்டுப் படம் நுழைவது எளிது. "எல்லாரும் பார்க்கிறார்கள்" என்பது களவை அறமாக்காது. அதே 2023 சட்டம், அரங்கில் ஓடும் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்து பரப்புவோர்க்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது. நம் கோபியைச் சின்னக் கோடம்பாக்கம் என்பார்கள். நம் வயல்களிலும் கொடிவேரி அணைக்கட்டிலும் படப்பிடிப்பு நடந்தபோது, விளக்குத் தூக்கியவரும் சோறு பொங்கியவரும் வண்டி ஓட்டியவரும் உழைத்து உண்டதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். திருட்டுப் படம் பறிப்பது நடிகரின் செல்வத்தை மட்டுமன்று, இவர்களுடைய கூலியையுமே.

சுவரில் தெரிந்த காட்சி

தொலைக்காட்சிக்குப் பாதுகாவலி அசிசி நகரப் புனித கிளாரா. 1958-ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவ்வாறு அறிவித்தார். நோயுற்றுப் படுக்கையில் கிடந்த கிளாரா, கிறிஸ்து பிறப்பு இரவில் தம் சகோதரிகளோடு திருப்பலிக்குச் செல்ல இயலாமல் வருந்தியபோது, அத்திருப்பலியைத் தம் அறைச்சுவரிலேயே கண்டார் என்பது வரலாறு. அந்தச் சுவர்க்காட்சி அவரைத் தம் சகோதரிகளிடமிருந்து பிரிக்கவில்லை; அவர்களோடு சேர்த்தது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் திரையை எடைபோட இதைவிடச் சிறந்த அளவுகோல் வேறில்லை.

அந்தத் தந்தையின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். பெரிய திரை பையனைத் திருத்திவிடவில்லை. இன்னும் சில நாட்களில் அவன் கதவைச் சாத்திக்கொள்கிறான்; மூன்று பாடங்களில் ஒன்றில்தான் தேறியிருக்கிறான். ஆனால் கணிப்பொறி கூடத்திலேயே இருக்கிறது. எதைப் பார்க்கிறான் என்பது வீட்டாருக்குத் தெரிகிறது. அடுத்த ஞாயிறு என்ன படம் என்று தந்தையும் மகனும் வாதாடுகிறார்கள். வாதாடுவதும் பேச்சுத்தானே!

பெற்றோரே, உங்கள் இல்லத்திலும் கதவடைத்த அறையில் ஒரு கணிப்பொறி இருக்கலாம். அதைச் சபிப்பதற்கு முன், கூடத்துக்கு அழைத்துப் பாருங்கள்; நீங்களும் அதன் முன் வந்து அமருங்கள். கேபிள் இரண்டு பெட்டிகளை இணைக்கும். உள்ளங்களை இணைக்க நாம்தான் அங்கே அமர வேண்டும்.