குடல் சுவர் எப்போ அலாரம் அடிக்குது?

காலராவையும் சீதபேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டுக்கும் காரணம் பாக்டீரியா, ரெண்டும் வயித்தைத்தான் பிடிக்கும். ஆனா காலராவில் அரிசி கழுவின தண்ணி மாதிரி லிட்டர் கணக்கில் போகும். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. சீதபேதியில் போறது கொஞ்சம்தான், ஆனா சளியும் ரத்தமும் கலந்து, காய்ச்சலோட, வயித்தை முறுக்கி எடுத்துடும். எது கொடூரமான கிருமிங்கிறது இல்ல இங்க கேள்வி. காலரா சில மணி நேரத்துலயே ஆளைக் கொல்லும். குடல் சுவரில் இருக்கிற செல்கள் அலாரம் அடிச்சதா இல்லையாங்கிறதுதான் முக்கியமான வித்தியாசம்.

அந்தச் சுவரோட கனம் எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு செல். அதுவும் 3 முதல் 5 நாளைக்கு ஒரு தடவை உதிர்ந்து புதுசா முளைக்கும். அதுக்கு ஒரு பக்கம் கோடானுகோடி பாக்டீரியா, இன்னொரு பக்கம் நம்ம ரத்தம். பாக்டீரியாவைப் பார்த்த உடனே கத்துற செல்லா இருந்தா, நமக்கு ஆயுசு முழுக்க வயிறு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அதனால சென்சாரை எங்க வைக்கிறதுங்கிறதுதான் டிசைன். பாக்டீரியாவோட வாலில் ஃப்ளாஜெல்லின்னு ஒரு புரதம் உண்டு. அதை உணர்ற டி.எல்.ஆர்.5 ரிசெப்டர், செல்லோட மேல்பக்கத்தை விட அடிப்பக்கத்துலதான் நல்லா வேலை செய்யுதுன்னு 2001-ல் காட்டினாங்க. தெருவில் நடக்கிறவனை விட்டுட்டு, வீட்டுக்குள்ள வந்தவனை மட்டும் பிடிக்கிற கேமரா மாதிரி.

இப்போ காலராவுக்கு வருவோம். 1959-ல் கல்கத்தாவில் சம்புநாத் டே, காலரா கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்தத் தண்ணியை முயலோட குடல் துண்டுக்குள்ள செலுத்தினார். குடல் நீர் கோத்து பலூன் மாதிரி வீங்கிடுச்சு. ஆக, கிருமி தேவையே இல்லை, நஞ்சே போதும். அந்த நஞ்சு செல்லுக்குள்ள போய் ஒரு சுவிட்சை ‘ஆன்’ நிலையிலேயே பூட்டிடுது. சைக்ளிக் ஏ.எம்.பி ஏறும், குளோரைடு வெளியே கொட்டும், பின்னாலேயே சோடியமும் தண்ணியும் போகும். ஆனா செல் சாகலை, சுவரும் உடையலை. அதனால அலாரம் பெரும்பாலும் அமைதி. ஓ.ஆர்.எஸ். ஜெயிக்கிறதும் இதனாலதான்: குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளே இழுக்கிற பம்ப் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. 1971-ல் பன்காவ் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலை வச்சே ஆயிரக்கணக்கானவங்களைக் காப்பாத்தினார். டேவுக்கு நோபல் கிடைக்கலைங்கிறது எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

சீதபேதி வேற கதை. ஷிகெல்லா டிசென்டெரியே முதல் வகை, 1984-ல் மேற்கு வங்கத்தில் பெரிய கொள்ளைநோயா வந்தது. அது சுரக்கிற ஷிகா நஞ்சு, செல்லோட ரைபோசோமில் ஒரே ஒரு அடினினை வெட்டி எடுக்கும். அவ்வளவுதான், புரத உற்பத்தி நின்னு போகும். எம்பெட்டட் படிச்சவங்களுக்கு வாட்ச்டாக் டைமர் ஞாபகம் இருக்கும். புரோகிராம்ல என்ன பிழைன்னு அதுக்குத் தெரியாது, ஓட்டம் நின்னுச்சுன்னு மட்டும் தெரியும். செல்லும் அப்படித்தான். நஞ்சோட முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ரைபோசோம் முடங்கினதே செய்தி. அந்தச் செய்தி பி38 என்கிற நொதி வழியா கருவுக்குப் போக, இன்டர்லூக்கின்-8 வெளியே வருது. (மத்த ஷிகெல்லா வகைகள் பெரும்பாலும் இந்த நஞ்சு இல்லாமலே, நேரா செல்லுக்குள்ள புகுந்து இதே கலவரத்தைக் கிளப்பும்.)

இன்டர்லூக்கின்-8 ஒரு வாசனை மாதிரி. அது எங்க அடர்த்தியா இருக்கோ, அங்கே ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் ஓடி வரும். வந்து, செல்களுக்கு நடுவில் இருக்கிற இறுக்கமான இணைப்புகளை நெம்பி நுழையும். அதுங்க கொட்டுற நொதிகளுக்கு நம்ம செல், எதிரி செல்னு பேதம் கிடையாது. சுவர் இன்னும் பிளக்கும், பிளவு வழியா இன்னும் கிருமி நுழையும், அலாரம் இன்னும் பலமா அடிக்கும். மலத்தில் வர்ற சீழும் ரத்தமும் இந்தச் சண்டையோட மிச்சம்.

எங்க வடகரைப் பக்கம் குற்றால சீசன்னா சாரலும் கூட்டமும் சேர்ந்தே வரும். கூட வந்த யாருக்காவது வயித்தால போனா, ஓ.ஆர்.எஸ். உடனே ஆரம்பிங்க. ஆனா ரத்தமோ காய்ச்சலோ இருந்தா, மெடிக்கல்ல போய் ‘நிறுத்துற மாத்திரை’ கேட்காதீங்க. குடலோட அசைவை அது நிறுத்திடும். கிருமியும் நஞ்சும் உள்ளேயே தங்கிடும். நேரா டாக்டர்கிட்ட போங்க.

அலாரம் அடிக்கிறது வெளியே தெரிஞ்சாலாவது பரவாயில்லை. தெரியாமலே அடிச்சுக்கிட்டிருந்தா? வேலூர் உட்பட 8 நாடுகளில் நடந்த ‘மால்-எட்’ ஆய்வு, குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து 2 வயது வரை தொடர்ந்து கவனிச்சது. வயித்துப்போக்கு இல்லாத நாள்ல எடுத்த மலத்தில் மைலோபெராக்சிடேஸ் அளந்தாங்க. அது நியூட்ரோஃபில்லுக்குள்ள இருக்கிற நொதி. அதோட குடல் கசிவையும் அழற்சியையும் காட்டுற இன்னும் ரெண்டு பொருள்களையும் சேர்த்து மதிப்பெண் போட்டாங்க. அந்த மதிப்பெண் ரொம்ப அதிகமா இருந்த குழந்தைகள், ரொம்பக் குறைவா இருந்தவங்களை விட, அடுத்த 6 மாசத்தில் சுமார் 1 சென்டிமீட்டர் குறைவாத்தான் வளர்ந்திருந்தாங்க.