சரக்குந்து மின்னோட்டமானி

சரக்குந்து மின்னோட்டமானி என்பது, பழைய சரக்குந்துகளின் முகப்புப் பலகையில் அமைந்து, மின்கலத்துக்குள் செல்லும் மின்னோட்டத்தையும் மின்கலத்திலிருந்து வெளியேறும் மின்னோட்டத்தையும் ஆம்பியர் அளவில் காட்டும் கருவியாகும். பேச்சு வழக்கில் இது அம்மீட்டர் அல்லது ஆம்பியர் மீட்டர் எனப்படுகின்றது. இதன் முள் வழமையாக அளவுகோலின் நடுவிலுள்ள சுழியத்தில் நிற்கும். மின்கலம் மின்னேற்றம் பெறும்போது நேர்க்குறிப் பக்கமும், மின்னிறக்கம் அடையும்போது எதிர்க்குறிப் பக்கமும் முள் சாயும். சென்னை திருவொற்றியூரில் உருவான பழைய என்ஃபீல்டு புல்லட் வண்டிகளின் முகப்பு விளக்கு உறைமீது காணப்பட்ட சிறு வட்டக் கருவியும் இதே வகையைச் சேர்ந்ததே.

1920கள் தொடங்கி 1970கள் வரை ஐக்கிய அமெரிக்காவில் உருவான சரக்குந்துகள் பலவற்றில் இக்கருவி இடம்பெற்றது. அவ்வண்டிகளைச் சீரமைத்துப் பேணுவோர் பழுதான கருவிக்கு மாற்றாகவோ, எச்சரிக்கை விளக்கு மட்டுமே இருந்த வண்டியில் புதிதாகவோ இதனை இன்றும் பொருத்துகின்றனர். முகப்புப் பலகையில் உள்ள பிற அளவிகளிலிருந்து இது ஒரு வகையில் வேறுபடுகின்றது. எரிபொருள் அளவி, வெப்பநிலை அளவி ஆகியவற்றின் வழியே மிகச் சிறிய மின்னோட்டமே செல்லும். பழைய முறை மின்னோட்டமானியின் வழியே, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கான மின்னோட்டம் நீங்கலாக, மின்கலத்துக்குச் செல்வதும் மின்கலத்திலிருந்து வருவதுமான ஏறத்தாழ முழு மின்னோட்டமும் செல்லும். ஆகவே இதைப் பிழையாகப் பொருத்தினால் அளவு தவறுவதோடு வண்டியும் தீப்பற்றக்கூடும்.

வரலாறு

சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் துவக்கி 1912 ஆம் ஆண்டு கடிலாக் தானுந்துகளில் இடம்பெற்றது. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை இயக்கும் தேவை இதன் பின்னர் படிப்படியாக மறைந்தது. ஆனால் மின்கலம் வலுவிழந்தால் வண்டி நகராது என்ற புதிய நிலை உருவானது. எனவே மின்கலத்துக்கு மின்னேற்றம் நடக்கின்றதா என்பதை ஓட்டுநர் அறிய வேண்டியதாயிற்று. 1927 இல் அறிமுகமான ஃபோர்டு ஏ மாடல் தானுந்திலும், அதன் சரக்குந்து வடிவமான ஏஏ மாடலிலும், இரு பக்கமும் 20 ஆம்பியர் வரை காட்டும் மின்னோட்டமானி இருந்தது.

அக்கால நேர்மின் டைனமோக்கள் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது போதிய மின்னோட்டம் தருவதில்லை. இரவில் முகப்பு விளக்குகளை எரியவிட்டு ஓரிடத்தில் நின்றால், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தும் மின்கலம் மெல்ல மெல்லக் காலியாகும். முள் எதிர்க்குறிப் பக்கம் இருப்பதைக் கண்ட ஓட்டுநர் எஞ்சின் வேகத்தைக் கூட்டுவார். இக்கருவி அந்நாளில் அழகுக்காக வைக்கப்பட்டதல்ல என்பதை இதிலிருந்து உணரலாம்.

செவ்ரோலெட் சரக்குந்துகள் 1955 இலும் ஃபோர்டு சரக்குந்துகள் 1956 இலும் 6 வோல்ட் அமைப்பிலிருந்து 12 வோல்ட் அமைப்புக்கு மாறின. 1960 இல் கிறைஸ்லர் நிறுவனம் வேலியன்ட் தானுந்தில் ஆல்டர்னேட்டரை அறிமுகப்படுத்தியது. அடுத்த சில ஆண்டுகளில் பிற அமெரிக்க நிறுவனங்களும் இம்முறையைப் பின்பற்றின. தொடக்கத்தில் 35 முதல் 40 ஆம்பியர் அளவிலேயே இருந்த ஆல்டர்னேட்டர்களின் திறன் பின்னர் பன்மடங்கு உயர்ந்தது. மின்னோட்டமானியைச் சுற்றி எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை இவ்வுயர்விலிருந்தே பிறந்தவை.

எதனை அளக்கின்றது

ஆல்டர்னேட்டர் உருவாக்கும் மொத்த மின்னோட்டத்தை இக்கருவி காட்டுகின்றது என்று பலர் கருதுவர். இது சரியன்று. இது காட்டுவது மின்கலத்தின் வரவு செலவுக் கணக்கை மட்டுமே. ஆல்டர்னேட்டர் 30 ஆம்பியர் தருகின்றது, அதில் 20 ஆம்பியரை விளக்குகளும் எரிபற்றல் அமைப்பும் பிற சாதனங்களும் பயன்படுத்துகின்றன எனக் கொண்டால், முள் நேர்க்குறியில் 10 இல் நிற்கும். மின்கலம் நிறைந்துவிட்டால், ஆல்டர்னேட்டர் எவ்வளவு உழைத்தாலும் முள் சுழியத்தை ஒட்டியே நிற்கும்.

இக்கணக்கு சரியாக அமைய, கருவி மின்சுற்றில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொடரிணைப்பில் இருக்க வேண்டும். கருவியின் ஒரு முனையில் மின்கலம் மட்டும் இருக்கும். மறுமுனையில் ஆல்டர்னேட்டரும் வண்டியின் அனைத்து மின் சாதனங்களும் ஒன்றாகச் சேரும். புதிதாக ஒரு வானொலியையோ மின்விசிறியையோ பொருத்துபவர், எளிது என்று கருதி அதன் கம்பியை மின்கல முனையிலேயே நேராக இணைத்துவிட்டால் கணக்கு பிறழும். அச்சாதனம் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டத்தை மின்கலத்தில் ஏறும் மின்னோட்டமாகக் கருவி காட்டும்.

ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கம்பி இச்சுற்றில் சேர்வதில்லை. எஞ்சினைத் துவக்கும் நொடிகளில் அம்மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். முகப்புப் பலகைக் கருவி எதுவும் அதைத் தாங்காது.

வகைகள்

பழைய சரக்குந்துகளில் மூன்று வகைகள் காணப்படுகின்றன. முதலாவது, முழு மின்னோட்டமும் உட்செல்லும் வகை. கருவியின் பின்புறம் உள்ள இரு திருகு முனைகளை ஒரு உலோகப் பட்டை இணைக்கும். அதன் அருகே முள்ளுடன் கூடிய சிறு இரும்புத் துண்டை ஒரு நிலைக்காந்தம் நடுவில் பிடித்து வைத்திருக்கும். பட்டையில் செல்லும் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம் முள்ளை ஒரு பக்கம் திருப்பும்.

இரண்டாவது, கண்ணி வகை. 1950களின் ஃபோர்டு சரக்குந்துகளில் இதைக் காணலாம். இதில் திருகு முனைகள் இல்லை. கருவியின் பின்புறமுள்ள ஒரு கண்ணியின் ஊடாக முதன்மைக் கம்பி வெட்டப்படாமலே நுழைந்து செல்லும். கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலமே முள்ளை நகர்த்தும். துண்டிப்பும் இணைப்பும் இல்லாததால் இணைப்பு தளரும் பேச்சுக்கே இடமில்லை. எளிமையிலும் பாதுகாப்பிலும் இதற்கு ஈடான வகை இல்லை எனலாம். துல்லியம் குறைவு என்பது உண்மையே. ஆனால் ஓட்டுநருக்குத் தேவை திசை, தசமப் புள்ளியல்ல.

மூன்றாவது, இணைத்தட வகை. 1967 முதல் 1972 வரையிலான செவ்ரோலெட் சரக்குந்துகளில் கூடுதல் விலைக்கு வழங்கப்பட்ட அளவித் தொகுதியில் இவ்வகை இருந்தது. முதன்மைக் கம்பி எஞ்சின் அறையிலேயே இருக்கும். அக்கம்பியின் ஒரு நீளமே இணைத்தடமாகப் பயன்படும். அதன் இரு முனைகளிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் மட்டும் முகப்புப் பலகைக்கு வரும். கருவி உண்மையில் அளப்பது அவ்விரு முனைகளுக்கு இடையிலான மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாட்டையே. இவ்வண்டிகளில் முதன்மைக் கம்பியைத் தடித்த கம்பியாக மாற்றினால் மின்தடை குறைந்து, முள் அசைய மறுக்கும். நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட சீரமைப்புக்குப் பின் கருவி செத்துவிட்டதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இணைப்பின் மின்தடையும் வெப்பமும்

ஓர் இணைப்பில் உண்டாகும் வெப்பம், அதன் வழியே செல்லும் மின்னோட்டத்தின் இருபடியை அவ்விணைப்பின் மின்தடையால் பெருக்கக் கிடைக்கும். துருவாலோ தளர்வாலோ ஓர் இணைப்பின் மின்தடை 0.02 ஓம் ஆகிவிட்டது எனக் கொள்வோம். 35 ஆம்பியர் செல்லும்போது அங்கே தோன்றும் வெப்பம் ஏறத்தாழ 25 வாட். இது பற்றாசு வைக்கும் சிறு சூட்டுக்கோலுக்கு ஒப்பானது. அதே இணைப்பில் 100 ஆம்பியர் சென்றால் வெப்பம் 200 வாட் ஆகும். மின்னோட்டம் மூன்று மடங்கைக்கூட எட்டவில்லை. வெப்பமோ எட்டு மடங்கு. முகப்புப் பலகைக்குப் பின்னால், நெகிழித் துண்டுகளுக்கும் பழைய பருத்தி உறைக் கம்பிகளுக்கும் நடுவில் இவ்வெப்பம் தோன்றுகின்றது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

1960கள், 1970களின் டாட்ஜ் வண்டிகளில் இச்சிக்கல் பரவலாக அறியப்பட்டது. இவற்றில் முழு மின்னோட்டமும், எஞ்சின் அறைக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் பொருந்திய பல்முனை இணைப்பானின் தட்டை முனைகள் வழியே உள்ளே வந்து, கருவியைக் கடந்து, அதே இணைப்பான் வழியே வெளியே செல்லும். ஆண்டுகள் பல கடந்து முனைகளில் துரு ஏறியதும் இணைப்பான் உருகிய வண்டிகள் ஏராளம். பழுது காணும்போது பலரும் கருவியையே குறை கூறுவர். கருவி பெரும்பாலும் குற்றமற்றது. குறை அதற்குச் செல்லும் வழியிலேயே இருக்கும்.

பொருத்தும் முறை

முதலில் மின்கலத்தின் தரையிணைப்புக் கம்பியைக் கழற்ற வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இது எதிர்முனை. 6 வோல்ட் காலத்து ஃபோர்டு, டாட்ஜ் வண்டிகளில் நேர்முனையே தரையுடன் இணைந்திருக்கும் என்பதால் பார்த்தே கழற்ற வேண்டும். கருவியின் முனைகளில் எந்நேரமும் மின்னழுத்தம் உண்டு. சாவியை அணைத்தாலும் அது நீங்காது. ஸ்பேனர் நழுவி முகப்புப் பலகை உலோகத்தைத் தொட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும்.

கருவியின் அளவெல்லை ஆல்டர்னேட்டரின் திறனுக்குக் குறையாமல் இருப்பது அவசியம். 60 ஆம்பியர் கருவியை 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டருடன் சேர்த்து, பெரும்பாலும் 20 ஆம்பியருக்குள்தானே ஓடுகின்றது என்று அமைதிகொள்பவர் உண்டு. மின்கலம் முற்றிலும் காலியான ஒரு நாளில், வேறொரு வண்டியின் உதவியுடன் எஞ்சினைத் துவக்கியவுடன் ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனையும் மின்கலத்தில் செலுத்த முற்படும். அன்று அந்த அமைதி கலையும்.

கம்பியின் தடிமன் அடுத்தது. அமெரிக்க அளவுமுறையில் 10 ஆம் எண் செப்புக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 5.3 சதுர மில்லிமீட்டர். எஞ்சின் அறையிலிருந்து முகப்புப் பலகைக்குச் சென்று திரும்ப 4 மீட்டர் தேவைப்பட்டால், 40 ஆம்பியரில் இக்கம்பியில் ஏறத்தாழ அரை வோல்ட் இழப்பு நேரும். 60 ஆம்பியரில் இது 0.8 வோல்ட்டை நெருங்கும். அத்தகைய வண்டிகளுக்கு 8.4 சதுர மில்லிமீட்டர் கொண்ட 8 ஆம் எண் கம்பி ஏற்றது.

கம்பி முனைகளில் வளைய வடிவ முனையங்களை அழுத்திப் பொருத்த வேண்டும். திறந்த கவை முனையங்கள் நட்டு சற்றுத் தளர்ந்தாலே கழன்று விழும். நட்டை இறுக்கும்போது அதன் அடியிலுள்ள நட்டை மற்றொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளாவிடில் திருகு முனை சுழன்று உள்ளிருக்கும் பட்டை முறியும். தடுப்புத் தகட்டைக் கம்பி கடக்கும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். தகட்டின் கூரிய விளிம்பு அதிர்வில் கம்பியின் உறையை அறுக்க ஓராண்டுகூடத் தேவைப்படாது.

மின்கலப் பக்கத்தில், கம்பி தொடங்கும் இடத்திலேயே, உருகு கம்பி ஒன்றை வைப்பர். இது காக்க வேண்டிய கம்பியைவிட நான்கு எண் மெல்லியதாக இருப்பது வழக்கம்; 10 ஆம் எண் கம்பிக்கு 14 ஆம் எண் உருகு கம்பி. இணைத்தட வகையாயின் இரு மெல்லிய கம்பிகளிலும் இணைத்தடத்துக்கு மிக அருகிலேயே சிறு உருகிகள் வேண்டும். மெல்லிய கம்பிதானே என உருகியை விட்டுவிடுவது பெரும் பிழை. அது உடற்பகுதியைத் தொட்டால் மின்கலத்தின் முழு ஆற்றலும் அதன் வழியே பாயும்.

சரிபார்த்தல்

எஞ்சின் நின்றிருக்கையில் முகப்பு விளக்குகளை எரியச் செய்தால் முள் எதிர்க்குறிப் பக்கம், 12 வோல்ட் வண்டியில் ஏறத்தாழ 10 ஆம்பியர் அளவுக்குச் சாய வேண்டும். நேர்க்குறிப் பக்கம் சாய்ந்தால் இரு கம்பிகளும் இடம் மாறியுள்ளன என்று பொருள். மின்கலத்தின் தரையிணைப்பை மீண்டும் கழற்றி, அவற்றை மாற்றினால் போதும். விளக்கு எரிந்தும் முள் அசையாவிடில் விளக்கின் கம்பி கருவியின் மின்கலப் பக்கத்தில் இணைந்திருக்கலாம்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் முள் நேர்க்குறிப் பக்கம் உயர்ந்து, சில நிமிடங்களில் படிப்படியாகச் சுழியத்தை நோக்கி இறங்கும். நெடுநேரம் ஓட்டிய பின்னும் முள் உயரத்திலேயே நின்றால், மின்னழுத்தச் சீராக்கி பழுதுற்றிருக்கலாம் அல்லது மின்கலத்தின் உட்தகடுகள் கெட்டிருக்கலாம். ஓடும்போதும் எதிர்க்குறியில் நின்றால் பட்டை நழுவுகின்றது அல்லது ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை. பொருத்தி முடித்த முதல் நாள், அரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் எஞ்சினை நிறுத்தி, தரையிணைப்பைக் கழற்றியதும் முனையங்களைக் கையால் தொட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். கை பொறுக்காத சூடு இருந்தால் அவ்விணைப்பு சரியில்லை.

மாற்று வழிகள்

திறன் மிக்க ஆல்டர்னேட்டரைப் பொருத்தியவர்கள், அதன் வெளியீட்டிலிருந்து மின்கலப் பக்கத்துக்கு உருகு கம்பியுடன் ஒரு தடித்த கம்பியை நேராக இணைப்பதுண்டு. இதனால் தடுப்புத் தகட்டு இணைப்பானின் சுமை குறையும். ஆனால் மின்னோட்டம் இரு வழிகளில் பிரிவதால், பழைய கருவி அதன் ஒரு பகுதியை மட்டுமே காட்டும். முள் அசையும்; காட்டும் எண்ணை நம்ப இயலாது.

1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் உற்பத்தியாளர்கள் மின்னோட்டமானிக்குப் பதிலாக மின்னழுத்தமானியைப் பயன்படுத்தத் தொடங்கினர். இது பக்க இணைப்பில் அமைவதால் இதற்கு மெல்லிய கம்பியும் சிறு உருகியும் போதும். எஞ்சின் நின்றிருக்கையில், நிறைந்த 12 வோல்ட் மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் மின்னேற்றம் சீராக நடக்கின்றது. மின்கலத்திலிருந்து எவ்வளவு மின்னோட்டம் வெளியேறுகின்றது என்பதை மட்டும் இது சொல்லாது. பழைய தோற்றத்தை இழக்க விரும்பாதோர், மின்னோட்டமானியின் முகப்பையும் முள்ளையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே மின்னழுத்தமானியின் இயக்கப் பகுதியைப் பொருத்துகின்றனர். அவ்வண்டிகளில் முள் நடுவில் நின்றால் மின்னழுத்தம் இயல்பாக உள்ளது என்று பொருள்.